முதலில் வந்த எண்ணெயும் கடைசியில் வந்த எண்ணெயும்: வீட்டில் கிண்டிய மஸ்கோத் அல்வா குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு 2022 டிசம்பரில், தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், தேரி எனப்படும் செம்மணல் பரந்து கிடக்கும் ஊர் ஒன்றில் நடந்தது. மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம் கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பதற்காக மஸ்கோத் அல்வாவைத் தானே கிண்டத் தீர்மானித்தது. அதற்குமுன் பல ஆண்டுகளாக இந்த வேலைக்கென்று ஒரு சமையல்காரர் வந்துகொண்டிருந்தார். வயது காரணமாக அவர் அல்வா கிண்டும் துடுப்பைப் பிடிப்பதை நிறுத்திவிட்டதால், 63 வயது மாமியாரும் 31 வயது மருமகளும் பொறுப்பை ஏற்றார்கள். நான் அடுத்த தெருவில் இருப்பவன். கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எடை, நேரம், வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துத் தருமாறு கேட்டதால் மூன்று முறையும் உடனிருந்தேன். கடையின் மின்னணுத் தராசும் என்னிடமிருந்த வெப்பமானியும் பயன்பட்டன.

மஸ்கோத் அல்வாவை அறியாதவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். சாத்தான்குளத்தை அடுத்த முதலூர் இந்த இனிப்புக்குப் பெயர் பெற்ற ஊர். 1799இல் கிறிஸ்தவர்களுக்கென உருவாக்கப்பட்ட முதல் குடியிருப்பு என்பதால் அவ்வூருக்கு முதலூர் என்ற பெயர் வந்தது. மஸ்கோத் என்ற சொல் மஸ்கட் நகரத்தின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இலங்கையிலும் மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் இனிப்பு ஒன்றுக்கு மஸ்கட் என்றே பெயர். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலும் நெய்யும் சேர்ந்தது. மஸ்கோத்தில் நெய்யும் இல்லை, எண்ணெயும் வெளியிலிருந்து ஊற்றுவதில்லை. மைதாவைப் பிசைந்து கரைத்தெடுத்த பால், தேங்காய்ப் பால், சர்க்கரை, முந்திரிப்பருப்பு ஆகியவையே பொருள்கள். அல்வாவில் மினுங்கும் எண்ணெய் முழுவதும் தேங்காய்ப் பாலிலிருந்தே வர வேண்டும். இந்த நிகழ்வில் நேர்ந்த முதல் தவறு அந்த எண்ணெயைப் பற்றியது என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு சூழ்நிலையும் முக்கியமானது. சமையல்காரர் வரும் நாள்களில் வீட்டார் கடை வேலையில் இருப்பார்கள். அல்வா இறக்கும் நேரத்தில்தான் அடுப்பங்கரைக்கு வருவார்கள். ஆகவே கடைசி அடையாளம் மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது: "எண்ணெய் கக்கினால் இறக்கிவிடலாம்." அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் நடப்பதை அவர்கள் பார்த்ததில்லை.

தேவை இருபது வீடுகளுக்குத் தலா நூறு கிராம். அதோடு சென்னையிலிருக்கும் மகளுக்கு அரைக் கிலோ. இதற்காக 500 கிராம் மைதா, ஒன்றரைக் கிலோ சர்க்கரை, ஆறு தேங்காய் என்று அளவு முடிவாயிற்று. ஆறு தேங்காயும் துருவலாக ஒன்றரைக் கிலோ வந்தது; தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்ததில் முதல் பாலும் இரண்டாம் பாலும் சேர்ந்து இரண்டு லிட்டர் கிடைத்தது. மூன்று முறையும் இந்த அளவு மாறவில்லை. மாறியதெல்லாம் சேர்த்த வரிசையும் தீயும் பாத்திரமும்தான்.

முதல் முயற்சி: டிசம்பர் 10, சனிக்கிழமை

காலை ஏழு மணிக்கு மைதாவைப் பிசைந்து, தண்ணீரில் ஊற வைத்து, ஒன்பது மணிக்குக் கையால் பிசைந்து பிசைந்து பாலைக் கரைத்தெடுத்தார்கள். ரப்பர் போன்ற பசை கையில் தங்கியது. வெள்ளைப் பால் ஒன்றரை லிட்டர் அளவுக்கு வந்தது. அதைத் தெளிய வைக்கவில்லை. மதியத்துக்குள் கடையைத் திறந்தாக வேண்டும் என்பதால், மேல்தண்ணீரை இறுத்து எடுக்காமல் அப்படியே பயன்படுத்துவது என்று மாமியார் முடிவு செய்தார். தண்ணீர் கூடுதலாக இருந்தால் அடுப்பில் வற்றிவிடும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு தன்னளவில் தவறில்லை. வற்றும்வரை காத்திருந்தால் சரியாகவே வந்திருக்கும்.

அகலமான அலுமினியச் சட்டியில் தேங்காய்ப் பாலை மட்டும் முதலில் ஊற்றி, எரிவாயு அடுப்பில் பெருந்தீயில் வைத்தார்கள். பாலை முன்னரே சுண்டவைத்தால் நேரம் மிச்சமாகும் என்பது மருமகளின் யோசனை. பதினோராம் நிமிடத்தில் பால் பொங்கியது. விளிம்பில் நுரை அடங்கியபோது, பால் பால்போல இல்லை: வெளிறிய நீரில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளைத் திப்பிகள் மிதந்தன. "அத்தை, திரிஞ்ச மாதிரி இருக்கே" என்றார் மருமகள். "தேங்காப்பால் என்ன திரியுது, கிண்டு" என்றார் மாமியார்.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. தேங்காய்ப் பால் என்பது தண்ணீரில் நுண்துளிகளாகப் பரவி நிற்கும் எண்ணெய். அத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் தடுப்பது தேங்காயிலுள்ள புரதம். வெப்பம் 80 டிகிரியைத் தாண்டும்போது அந்தப் புரதம் கெட்டித்துத் திரண்டுவிடுகிறது. காவல் போனதும் எண்ணெய் தனியே பிரிகிறது. தேங்காய்ப் பாலைக் காய்ச்சி வீட்டு எண்ணெய் எடுப்பது இந்த வழியில்தான். இதை அந்த மாமியார் அறியாதவர் அல்ல. தேங்காய்ப் பால் குழம்பான சொதி வைக்கும்போது முதல் பாலைக் கடைசியில்தான் விடுவார், கொதி வருமுன் இறக்கிவிடுவார். சொதியில் கைவந்த அந்த விதி அல்வாவில் அவருக்கு நினைவு வராததற்குக் காரணம், அல்வா எப்படியும் கொதிக்கப்போகிற பண்டம், அதில் இந்தக் கவனம் எதற்கு என்று தோன்றியதுதான். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்து, கொதித்துக்கொண்டிருந்த பாலில் மைதாப் பாலை ஒரே மூச்சாக ஊற்றினார்கள். மாவுச்சத்து 60 டிகிரியைத் தாண்டிய நீரில் உப்பிக் கூழாகிவிடும் தன்மையுடையது. கொதிநீரில் விழுந்ததும் ஒவ்வொரு துளியின் வெளிப்புறமும் உடனே வெந்து தோலாக மூடிக்கொள்ள, உள்ளே வேகாத மாவு சிறைப்பட்டது. கோலிக்குண்டு அளவுக்குக் கட்டிகள் உருண்டன. கரண்டியின் பின்புறத்தால் அவற்றை நசுக்கிக்கொண்டே சர்க்கரையைப் போட்டார்கள். சர்க்கரை கரைந்ததும் கலவை மறுபடி இளகியது, மேலே எண்ணெய் பளபளவென்று குளம்போல நின்றது. தீ மூட்டி நாற்பத்திரண்டாம் நிமிடம் அது.

"எண்ணெய் கக்கிட்டு" என்று மாமியார் சொல்ல, இறக்கிவிட்டார்கள். இறக்கும் நேரத்தில் என் குறிப்பேட்டில் பதிந்திருந்தவை இவை: தொடக்கத்தில் எல்லாம் சேர்ந்து 5.1 கிலோ, இறக்கியபோது 3.5 கிலோ, நடுப்பகுதியின் வெப்பம் 102 டிகிரி. அந்த 102 என்ற எண்ணை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். சர்க்கரைக் கரைசலில் தண்ணீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். 102 டிகிரியில் கொதிக்கிற பாகில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். அல்வா நிலைக்கு அது வெகுதூரம்.

சூடாக இருக்கும்போதே எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடியையும் மூடிவிட்டார்கள். மாலையில் திறந்தபோது மூடியின் உட்புறத்திலிருந்து நீர்த்துளிகள் சொட்டின. அல்வா வெட்டினால் நிற்கவில்லை, ஒழுகியது; வாயில் மாவுக்கட்டி தட்டுப்பட்டது. இரண்டாம் நாள் புளித்த வாடை. மூன்றாம் நாள் காலை, மூடியிலிருந்து துளி விழுந்த இடங்களில் சாம்பல் நிறப் பூஞ்சை பொட்டுப் பொட்டாகப் பூத்திருந்தது. முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை.

தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வி

டிசம்பர் 13 அன்று மாமியார் பழைய சமையல்காரரை அழைத்தார். நடந்ததையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தங்கச்சி, எண்ணெய் மாவு வேகுறதுக்கு முந்தி வந்துச்சா, பிந்தி வந்துச்சா?"

"முந்திதான் வந்துச்சு, அண்ணாச்சி."

"அப்போ அது பால் உடைஞ்ச எண்ணெய். அல்வா கக்குன எண்ணெய் இல்ல."

இந்த ஒரு வேறுபாட்டைத்தான் நான் இந்த நிகழ்விலிருந்து எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். தேங்காய்ப் பால் இனிப்புகளில் எண்ணெய் இரண்டு முறை வரக்கூடும். முதலாவது, புரதம் திரண்டு பால் உடைந்ததால் மிதப்பது. அடியில் தண்ணீர் ஏராளமாக இருக்கும்போதே அது தோன்றிவிடும், கலவையின் மேல் குளமாக நிற்கும், கிண்டினால் கலந்ததுபோல் மறைந்து மீண்டும் மேலே வரும். இரண்டாவது, மாவும் சர்க்கரையும் இறுகி, தண்ணீர் வெளியேறி, எண்ணெயைத் தாங்கி வைக்க இடமில்லாமல் போகும்போது விளிம்பில் கசிவது. அது பாத்திரத்தின் ஓரத்திலும் துடுப்பு போன தடத்திலும் கோடாக வரும். இரண்டும் கண்ணுக்கு ஒரே எண்ணெய்தான். ஆனால் ஒன்று தொடக்கத்தில் நேர்ந்த பிழையைக் காட்டுகிறது, மற்றது பதம் வந்ததைக் காட்டுகிறது. கடைசி நிமிடத்தை மட்டும் பார்த்துப் பழகிய வீட்டுக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

சமையல்காரர் கூறிய முறை எளிமையானது. எல்லாவற்றையும் பச்சையாகவே, ஆறிய நிலையிலேயே ஒன்றாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, அதன்பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். காரணம் அவர் சொல்லவில்லை. நான் புரிந்துகொண்டது இது: பால் உடையும் 80 டிகிரிக்கு முன்பே, 60 டிகிரியைத் தாண்டியதும் மாவு கூழாகத் தொடங்கிவிடுகிறது. எண்ணெய்த் துளிகள் அந்தக் கூழில் அகப்பட்டு நகர முடியாமல் நிற்கின்றன. புரதம் கைவிடும் நேரத்தில் மாவு அந்தக் காவலை ஏற்றுக்கொள்கிறது.

கடையில் விற்கும் பெட்டித் தேங்காய்ப் பாலை வாங்கிவிடலாமா என்று மருமகள் கேட்டார். அவற்றில் பலவற்றில் பால் உடையாமலிருக்கத் தடிப்பான்கள் சேர்க்கிறார்கள். அதனால் தொடக்கம் சுலபமாகலாம், ஆனால் கடைசி எண்ணெய் எப்படி வரும் என்று இவ்வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. கெடுவுக்குப் பன்னிரண்டு நாளே இருந்ததால் புதிய பொருளொன்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்று முடிவாயிற்று. நல்ல முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் முயற்சி: டிசம்பர் 17

முந்தைய நாள் மாலையே மைதாவைக் கரைத்துப் பாலெடுத்து, இரவு முழுவதும் தெளிய வைத்தார்கள். காலையில் மேலே மஞ்சள் படர்ந்த தெளிநீர் நின்றது. அதை மெதுவாக இறுத்தபின் அடியில் கட்டியான வண்டல் 800 கிராம் இருந்தது. இதனால் அடுப்பில் ஏறிய மொத்த எடை 5.1 கிலோவிலிருந்து 4.3 கிலோவாகக் குறைந்தது. முக்கால் கிலோவுக்கும் மேற்பட்ட தண்ணீரை எரிவாயு செலவில்லாமல் கழித்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைத்து வடிகட்டி ஏற்றினார்கள். பதினெட்டாம் நிமிடத்தில் கலவை கஞ்சிபோலக் கெட்டிப்பட்டது. கட்டி இல்லை, திப்பி இல்லை, எண்ணெய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மருமகள் இதுவரை சிரித்து நான் பார்த்ததில்லை, அன்று சிரித்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கவலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அல்வா வெள்ளையாகவே இருந்தது. சமையல்காரர் கிண்டும் அல்வா இளம் பழுப்பு நிறத்தில் இருக்கும். நிறம் வர வேண்டுமென்று தீயைக் கூட்டினார்கள். மெல்லிய அலுமினியச் சட்டியின் நடுவில் ஓர் அகலத்துக்கு அடிபிடித்தது. அடிபிடித்ததை உணர்ந்தவுடன் மாமியார் கரண்டியால் அதைச் சுரண்டிக் கலக்கிவிட்டார். கருகிய செதில்கள் அல்வா முழுவதும் பரவின, வாசனையும் பரவியது. சுரண்டாமல், மேலிருந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றியிருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கும். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில், 2.9 கிலோ எடையில், 105 டிகிரியில் இறக்கினார்கள். இம்முறை மூடாமல் தட்டில் பரப்பி ஆறவிட்டார்கள்.

மறுநாள் அதிகாலை ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். தட்டின் மேற்பரப்பு முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. போன வாரம் பூஞ்சையைப் பார்த்த கண்கள் அல்லவா, கொட்டிவிடுவது என்று முடிவே செய்துவிட்டார்கள். நான் விரல் நுனியை அந்த வெள்ளையின் மேல் வைத்து இருபது வினாடி எடுக்காமலிருந்தேன். விரலை எடுத்தபோது அந்த இடம் கண்ணாடிபோலத் தெளிந்து, கீழிருந்த அல்வாவின் நிறம் தெரிந்தது. விரலில் எண்ணெய் மினுங்கியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியைச் சுற்றிய வெப்பத்தில் உறைந்துவிடும். அந்த அறையில் அன்று காலை 23 டிகிரி இருந்தது. பூஞ்சையாக இருந்தால் பொட்டுப் பொட்டாகத் தோன்றும், நார் நாராக எழும்பியிருக்கும், விரல் சூட்டில் உருகாது, வாடையும் காட்டிக்கொடுக்கும். இது சமமாகப் படர்ந்த ஏடு, அவ்வளவே. எட்டு மணி வெயில் சன்னலில் விழுந்ததும் தானே கரைந்தது.

அந்த அல்வாவை வீட்டார் தாங்களே சாப்பிட்டார்கள். கருகல் வாசனை இருந்ததால் பிறருக்குக் கொடுக்க மாமியார் சம்மதிக்கவில்லை.

மூன்றாம் முயற்சி: டிசம்பர் 22

நான்கு மாற்றங்கள் செய்யப்பட்டன.

பரணில் கிடந்த வெண்கல உருளியை இறக்கி, புளி போட்டுத் தேய்த்தார்கள். அடிகனம் இருந்ததால் சூடு ஓரிடத்தில் குவியவில்லை. விறகடுப்பில்தான் வைக்க வேண்டும் என்று மாமியார் விரும்பினார். விறகுத் தீயை நொடியில் தணிக்க முடியாது என்பதால் எரிவாயுவே போதும் என்று மருமகள் வாதிட்டார், அவர் சொன்னதே நடந்தது.

நிறத்துக்காகத் தீயைக் கூட்டுவதில்லை என்று முடிவாயிற்று. ஒன்றரைக் கிலோ சர்க்கரையிலிருந்து 150 கிராமைத் தனியே சிறு வாணலியில் தேன் நிறம் தாண்டிப் பழுக்கும்வரை உருக்கி, 100 மில்லி வெந்நீர் விட்டுக் கரைத்து, ஆறியபின் கலவையோடு சேர்த்தார்கள். வெந்நீர் விடும்போது சீறித் தெறிக்கும். கையைத் தள்ளி வைத்துக்கொண்டே விட வேண்டும்.

தேங்காய்களை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தின் மேல் உடைத்து, தண்ணீரைச் சுவைத்து, பருப்பை முகர்ந்து பார்த்தபிறகே துருவினார்கள். ஐந்தாவது தேங்காயின் தண்ணீர் இலேசாகப் புளித்தது. உட்புறம் மஞ்சளாகி வழுவழுப்பாக இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு ஏழாவதை உடைத்தார்கள். ஆறில் ஒன்று காறியிருந்தாலும் மொத்தப் பாலும் காறிவிடும், சர்க்கரை அதை மறைக்காது. முந்தைய இருமுறையும் இந்தச் சோதனையைச் செய்யவில்லை என்பது இப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

நான்காவது, எடை வைத்து முடிவெடுப்பது. உருளியின் வெற்று எடை 3.2 கிலோ. அல்வா கெட்டிப்பட்டபின், கால் மணிக்கொரு தரம் தராசின்மேல் பலகை போட்டு உருளியோடு வைத்துப் பார்த்தோம். 5.9 கிலோ காட்டும்போது, அதாவது அல்வா 2.7 கிலோவாக இருக்கும்போது இறக்குவது என்பது இலக்கு. சர்க்கரை, மாவு, தேங்காயின் சத்து எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ இரண்டேகால் கிலோ வரும், மீதமிருப்பது தண்ணீர். அல்வா நனைந்திருப்பதும் நிற்பதும் அந்த மீதத்தைப் பொறுத்ததே.

காலை 9.10க்கு அடுப்பு மூட்டப்பட்டது. முதல் இருபது நிமிடம் மாமியார் துடுப்பை அடியோடு ஒட்டியே ஓட்டினார். மாவு வேகாத நேரத்தில் அடியில் படிந்துவிடும், அப்போது விட்டால் பிறகு அடிபிடிப்பதைத் தடுக்க முடியாது. 9.30க்குக் கஞ்சிப் பதம். உடனே தீயைத் தணித்தார்கள். 10.15 வரை பெரிய மாற்றம் எதுவுமில்லை. குமிழிகள் மெல்ல எழுந்து 'பொத் பொத்' என்று உடைந்தன. இந்த நேரம்தான் பொறுமையைச் சோதிப்பது, இரண்டாம் முயற்சியில் தீயைக் கூட்டியதும் இதே நேரத்தில்தான். 10.50க்குத் துடுப்பு போன தடம் மூடாமல் சிறிது நேரம் நின்றது. 11 மணிக்கு அந்தத் தடத்தின் இரு கரைகளிலும் நூல்போல எண்ணெய் தெரிந்தது. மாமியார் என்னைப் பார்த்தார், நான் தராசைப் பார்த்தேன்: அல்வா 2.85 கிலோ. "இன்னும் கொஞ்சம்" என்று அவரே சொல்லிக்கொண்டு கிண்டினார். எடை பார்த்துவிட்டு முந்திரிப்பருப்பு 100 கிராம் சேர்ப்பதாகத் திட்டம். 11.20க்கு 2.7 கிலோ, வெப்பமானியில் 107 டிகிரி. பருப்பைச் சேர்த்து ஐந்து நிமிடம் புரட்டினார்கள். அல்வா உருளியின் ஓரத்தை விட்டு ஒரே உருண்டையாகச் சுற்றி வந்தது. குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டதும் உருட்ட வந்தது, கையில் ஒட்டவில்லை. ஓரத்தில் தேங்கிய எண்ணெயைக் கரண்டியால் எடுத்ததில் 80 மில்லி கிடைத்தது. அந்த எண்ணெயையே தட்டில் தடவி அல்வாவைக் கொட்டினார்கள். மொத்தம் இரண்டேகால் மணி நேரம்.

மூடாமல் ஆறு மணி நேரம் ஆறவிட்டு, மாலையில் வெட்டினார்கள். கத்தி சிக்கவில்லை. வெட்டுமுகம் ஒளி ஊடுருவும்படியாக, தேன் நிறத்தில் இருந்தது.

பின்னர் நடந்தவை

டிசம்பர் 23 அன்று சென்னைக்குப் பார்சல் போயிற்று. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, டப்பாவில் வைத்து அனுப்பினார்கள். சென்னையிலும் காலையில் வெள்ளை பூக்கக்கூடும், அது எண்ணெய்தான், பயப்பட வேண்டாம் என்று ஒரு சீட்டில் மருமகள் எழுதி வைத்தார். அக்கம்பக்கத்துக்கு 24ஆம் தேதி மாலை கொடுத்தார்கள். அவர்களிடமும் அதையே வாய்மொழியாகச் சொன்னார்கள்.

வீட்டில் ஒரு துண்டைச் சோதனைக்காக மூடிய டப்பாவில் வெளியிலேயே வைத்திருந்தோம். பத்தாம் நாள், ஜனவரி 1 அன்று, புளிப்பும் இல்லை, பூஞ்சையும் இல்லை. பன்னிரண்டாம் நாள் நாக்கின் அடியில் இலேசான காறல் தெரிந்தது. தேங்காய் எண்ணெய் நிறைந்த பண்டம் பூஞ்சை பிடிக்காமலேயே காறிப் போகும் என்பதால், பத்து நாளே இந்த அல்வாவுக்கு எல்லை என்று வீட்டார் வைத்துக்கொண்டார்கள்.

மாற்ற வேண்டியவை

முதல் முயற்சியிலேயே எடையும் வெப்பமும் என் கையில் இருந்தன; 3.5 கிலோவில் இறக்குவது சரியா என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. குறிப்பெடுக்க வந்தவன் குறுக்கிடக் கூடாது என்று எண்ணியது தவறு. மூன்றரைக் கிலோ பண்டம் மண்ணுக்குப் போனதில் எனக்கும் பங்குண்டு.

மைதாப் பாலை ஒருமுறை இறுத்ததோடு நில்லாமல், புதுத் தண்ணீர் விட்டு இரண்டாம் முறையும் தெளியவைத்து இறுத்திருக்கலாம். இரவெல்லாம் வெளியில் நின்ற அந்தப் பாலில் ஓர் இலேசான புளிவாடை இருந்தது. அல்வாவில் அது தெரியவில்லை என்றாலும், வெயில் காலத்தில் கிண்டினால் தெரியும் என்றே நினைக்கிறேன்.

சமையல்காரரைத் தோற்றபின் அழைத்ததற்குப் பதிலாக முன்னரே அழைத்திருக்க வேண்டும். இதை மாமியாரே சொன்னார். தம்மால் இனிக் கிண்ட முடியாது என்று வருந்தி ஒதுங்கியவரிடம் போய்க் கேட்பது அவர் மனத்தைப் புண்படுத்துமோ என்று தயங்கியிருக்கிறார். அழைத்தபோது அவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

2023 டிசம்பரில், தூத்துக்குடி மாவட்டத்தை மூழ்கடித்த பெருமழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால், அந்த ஆண்டு அல்வா கிண்டவில்லை. 2024 டிசம்பரில் மருமகள் தனியாகக் கிண்டினார். மாமியார் நாற்காலி போட்டு அருகில் உட்கார்ந்திருந்தார். நான் வெப்பமானியோடு போனபோது அது தேவைப்படவில்லை. உருளி தராசின்மேல் 5.9 காட்டியது, தடத்தின் கரையில் எண்ணெய் நூல் கட்டியிருந்தது. "அத்தை, இது கடைசி எண்ணெய்தானே?" என்று மருமகள் கேட்டார். மாமியார் எழுந்து வந்து, குனிந்து பார்த்து, அடுப்பை அணைத்தார்.